பெரட்டுக் களம் முதல் பல்கலைக்கழகம் வரை: வட சிலாங்கூர் தோட்டங்களும் மனவடுப் பயிற்சியின் வரலாறும்

முன்னுரை

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டத் தமிழர்கள் ஒரே நூற்றாண்டில் பலமுறை வேரோடு பெயர்க்கப்பட்டார்கள். சயாம் ரயில்பாதை, அவசரகால முள்வேலி, தோட்டத் துண்டாடல், செம்பனைக்கும் மேம்பாட்டுக்குமாக நடந்த வெளியேற்றம் என்று அந்தப் பட்டியல் நீளும். அதே நூற்றாண்டில்தான் மலேசியாவில் மனநல மருத்துவர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், மருத்துவ உளவியலாளர் என ஒவ்வொரு துறைக்கும் பயிற்சியும் சட்டமும் உருவாயின. இந்த இரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். தோட்ட மக்கள் பட்டது ஊரோடு சேர்ந்து பட்ட காயம். பயிற்சியோ தனியாளை நோயாளியாகக் கண்டு வளர்ந்தது. பேரதிர்ச்சி தரும் உளக்காயத்தைக் கையாளக் கற்றுத்தரும் முதுகலை மனவடுப் பயிற்சி இனி அடைக்க வேண்டிய இடைவெளி இதுவே என்பது என் வாதம்.

டிரெசரின் காலம்

தோட்டத்துக்கு முதலில் வந்த மருத்துவம் மலேரியாவை எதிர்த்து வந்தது. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடிகட்டிக் கொசுவைக் கட்டுப்படுத்தும் முறையைச் சிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் கொண்டுசென்றார். 1917-இல் பத்தாங் பெர்ஜூந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோகோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரும் கடமையைக் காலனியச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் மேல் வைத்தது. நடைமுறையில் அந்தக் கடமை டிரெசர் என்று அழைக்கப்பட்ட ஒற்றை மருத்துவ உதவியாளரின் தோளில் விழுந்தது.

வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் விடியற்காலைப் பெரட்டில் உடம்பு முடியவில்லை என்றவர் டிரெசர் முன்னால் போய் நிற்க வேண்டும். காய்ச்சலா, வெட்டுக் கத்தி கிழித்ததா, வயிற்றுப்போக்கா என்று அவர் பார்ப்பார். அவர் சரி என்றால் அன்று ஓய்வு. இல்லையென்றால் மர நிரைக்கு வேலைக்குப் போகத்தான் வேண்டும். ராத்திரி முழுக்கத் தூங்காதவருக்கும், பிள்ளையைப் பறிகொடுத்து வாய்பேசாமல் நிற்பவருக்கும் அந்த வரிசையில் இடமில்லை. நிலைமை முற்றினால் பேராக்கில் 1911-இல் திறந்த தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைதான் கதி. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கும் தஞ்சோங் ரம்புத்தானுக்கும் நடுவே துயரத்தைக் கேட்க ஆளே இல்லை. 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அது டிரெசரின் தகுதியை முறைப்படுத்தியது. அவர் பணியின் எல்லை பெரிதாக மாறவில்லை.

தங்கள் காயத்தைத் தொழிலாளர்கள் தாங்களே பெயர்சொல்லி முன்வைத்தது 1941-இல். கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிப் பரவிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு வேறு சிலவும் கேட்கப்பட்டன. வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கள்ளுக்கடை மூடப்பட வேண்டும். பள்ளியும் மருத்துவமும் ஒழுங்காக வேண்டும். அரசு வேலைநிறுத்தத் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அந்தக் கோரிக்கைப் பட்டியலை நான் மனவடு ஆவணமாகவும் வாசிக்கிறேன். அவமானமும் நோயும் ஒரே வாழ்க்கையின் இரு பக்கங்கள் என்பதை, எந்த உளவியல் பாடமும் இல்லாமல், அந்த மக்கள் கண்டுசொல்லியிருக்கிறார்கள்.

சொல்லப்படாத இழப்புகள்

பிறகு ஜப்பானியர் ஆட்சியில் ஆள்பிடிப்பு தொடங்கிற்று. 415 கிலோமீட்டர் நீளமான சயாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவும் பட்டினியும் அவர்களை அள்ளிக்கொண்டன. திரும்பி வந்தவர்கள் குறைவு. செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாத கணவனுக்குத் தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்ற கேள்வியோடு பெண்கள் தோட்டக் குடியிருப்பு வரிசைகளான லயங்களில் வாழ்ந்தார்கள். உடல் இல்லை, கருமாதி இல்லை, எனவே துக்கத்துக்கு முடிவும் இல்லை. இந்த அனுபவத்தை முதலில் பதிந்து வைத்தது மருத்துவம் அல்ல, இலக்கியம். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அந்தப் பொறுப்பைச் சுமந்தன.

1948-இல் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று பத்தாங் காலிக்கு அருகே, சுங்கை ரெமோக் தோட்டத்தில், ஆயுதமற்ற 24 சீனத் தொழிலாளர்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களின் குடும்பத்தினர் நீதி கேட்டு 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம்வரை சென்றும் விசாரணை கிடைக்கவில்லை. வட சிலாங்கூரின் வடு ஓர் இனத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இதுவே சான்று. தமிழர் லயங்களும் அந்தக் காலத்தில் முள்வேலிக்குள் ஒன்றாகத் திரட்டப்பட்டன.

பிறகு தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானதும் 1969-ஐ ஒட்டிச் சுமார் 60,000 இந்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். அதன்பின் மேம்பாட்டுக்காக நிலம் கைமாற, தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். நைஜல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார்கள். லயம் போனபோது கோயிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் அண்டை வீட்டு அத்தையும் சேர்ந்தே போயின.

தோட்டத்தில் நஞ்சு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பெண்கள் முதுகில் பம்பைச் சுமந்து பாராகுவாட் என்ற களைக்கொல்லி மருந்தை அடித்தார்கள். மனம் உடைந்த பொழுதில் அதே மருந்து சிலரின் முடிவானது. கேமரன் மலையில் இந்தியரிடையே தற்கொலை மிகுந்திருந்ததை உளமருத்துவர் டி. மணியம் 1988-இல் ஆய்வாக வெளியிட்டார். ஐரின் பெர்னாண்டஸ் 1991-இல் நிறுவிய தெனாகானித்தா, மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலக் கேட்டை வெளிக்கொணர்ந்தது. பாராகுவாட் தடை 2002-இல் அறிவிக்கப்பட்டு, 2006-இல் தளர்த்தப்பட்டு, 2020-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டப் பிரிவு 309 நீங்கியது 2023-இல். அதுவரை, உயிர்பிழைத்தவர் உதவி தேடுமுன் போலீசுக்கு அஞ்ச வேண்டியிருந்தது.

பயிற்சி வளர்ந்த வழி

மலாயாப் பல்கலைக்கழகம் 1973-இல் உளமருத்துவ முதுகலைப் பயிற்சியைத் தொடங்கியது. 1975-இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணிக் கல்வி வந்தது. 1970-இல் கோலாலம்பூரில் தொடங்கிய பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வலர்கள் தொலைபேசிவழிச் செவிசாய்ப்பை அறிமுகப்படுத்தினார்கள். 1998-ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டம் மனநல ஆலோசகருக்குப் பதிவையும் உரிமத்தையும் கட்டாயமாக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ உளவியலாளரையும் பதிவின்கீழ்க் கொண்டுவந்தது. தகுதியற்றவர் கையில் மக்கள் சிக்காமலிருக்க இவை எல்லாம் தேவையான படிகள்.

உலக அளவில் இப்பயிற்சிக்கு அடித்தளமிட்டது 1980. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் வற்புறுத்தலும் சேர்ந்து, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அவ்வாண்டு வெளியிட்ட நோய்க் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடியைச் சேர்த்தது. 1992-இல் ஜூடித் ஹெர்மன், நீண்டகாலக் கொடுமைக்கு ஆளானவர்களின் துன்பம் ஒரே நிகழ்வின் அதிர்ச்சியைவிடச் சிக்கலானது என்று காட்டினார். ஆயினும் அளவுகோல் தனியாளாகவே இருந்தது.

அந்த அளவுகோலை விரித்தவர்களில் இருவர் நமக்கு முக்கியம். 1972-இல் அமெரிக்காவின் பஃபலோ கிரீக் சுரங்கப் பள்ளத்தாக்கில் கழிவு அணை உடைந்து 125 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களை அக்கம்பக்கம் பாராமல் தற்காலிக முகாம்களில் சிதறக் குடியமர்த்தியது இரண்டாவது பேரிடர் என்று கை எரிக்சன் 1976-இல் எழுதினார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தும் என்பதை 1998 முதல் தம் நூல்களில் நிறுவினார். அங்கே சாந்திகம் போன்ற நிறுவனங்கள் தமிழிலேயே உளவளத்துணையாளரைப் பயிற்றுவித்தன. ஆசிரியரும் கிராம அலுவலரும் தாதியும் அந்த வலையில் இழைகளானார்கள். தமிழில், தமிழ்க் குடும்ப அமைப்பை அறிந்து, உயர்தர மனவடுப் பயிற்சி இயலும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முடிவுரை

வட சிலாங்கூருக்கு ஏற்ற முதுகலைப் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பது இவ்வரலாற்றிலிருந்தே தெளிகிறது. முதலாவது, நோயறியும் பாடத்தோடு இடப்பெயர்வின் வரலாறும் பாடமாக வேண்டும். ஒரு பெரியவரின் தூக்கமின்மைக்குப் பின்னால் சயாமும் இருக்கலாம், இடிக்கப்பட்ட லயமும் இருக்கலாம். இரண்டாவது, களப்பயிற்சி முன்னாள் தோட்ட மக்கள் வாழும் அடுக்குமாடிகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் நடக்க வேண்டும். குடும்பத்தையும் அண்டைவீட்டையும் சேர்த்து மதிப்பிடும் திறன் அங்கேதான் கைவரும். மூன்றாவது, நேர்காணலும் மேற்பார்வையும் தமிழில் நடக்க இடம் வேண்டும். மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் பயின்றவர், பாட்டி அழுதபடி சொல்வதில் பாதியை இழந்துவிடுவார். நான்காவது, பிறர் துயரை நாள்தோறும் கேட்பவரின் மனத்தைக் காக்கும் ஏற்பாடு பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் கோயில் நிர்வாகியும் இன்று அந்தச் சுமையைப் பயிற்சியில்லாமல் சுமக்கிறார்கள்.

இதற்கான இடம் தொலைவில் இல்லை. சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் பெஸ்தாரி ஜெயாவிலேயே இருக்கிறது. தஞ்சோங் காராங்கில் அரசு மருத்துவமனை இருக்கிறது. லயத்தில் பிறந்து பட்டம் பெற்ற தமிழ் இளைஞர்களும் இருக்கிறார்கள். சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் முதுமையின் இறுதியில் இருக்கிறார்கள். அவர்கள் வாக்குமூலம் இல்லாமல் இப்பாடத்திட்டம் முழுமையாகாது. பல்கலைக்கழகமும் சுகாதாரத் துறையும் தமிழ் அமைப்புகளும் ஒரு மேசையில் அமர்ந்து முதல் அணியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை இந்தத் தலைமுறையிலேயே தொடங்க வேண்டும்.