75 சென்ட் வித்தியாசமும் 514-ஆம் எண் கதவும்

1986 ஆகஸ்ட் மாதம். கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகரத்து மலைமேல் இருக்கும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் ஒரு கணக்கு டாலி ஆகவில்லை. அன்றைக்குக் கணினி என்பது வாடகைக் கார் மாதிரி. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார்களோ அதற்கு அவரவர் பெயரில் பில் போகும். அந்தக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. ஒரு டாலர்கூட இல்லை, முக்கால் டாலர்! வேறு யாராவது என்றால் 'ரவுண்டிங் ஆஃப்' என்று எழுதி மூடியிருப்பார்கள். ஆனால் அந்த வேலை போய்ச் சேர்ந்தது கிளிஃபர்ட் ஸ்டோல் என்பவரிடம். வானியல் படித்தவர், ஆராய்ச்சிப் பணம் தீர்ந்துபோய் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தார். வந்த புதிது. மனிதர் விடவில்லை.

துருவிப் பார்த்தால், யாரோ ஒருவர் ஒன்பது விநாடி கணினி நேரத்தைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தியிருக்கிறார். இன்னும் துருவினால், அவர் ஆய்வுக்கூடத்து ஆளே இல்லை. ஈமாக்ஸ் மென்பொருளோடு வந்த ஒரு சின்ன நிரலின் ஓட்டை வழியாக நுழைந்து, இயந்திரத்தின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்திருந்தார். கடைசியில் அவர் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரில் இருந்த மார்க்கஸ் ஹெஸ் என்பதும், அமெரிக்க ராணுவக் கணினிகளில் தேடி எடுத்ததை சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலைச் சேர்ந்தவர் என்பதும் தெரியவந்தது. 1990-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. (ஸ்டோல் இதை 1989-இல் 'தி குக்கூஸ் எக்' என்ற புத்தகமாக எழுதினார். துப்பறியும் நாவல் படிப்பவர்களுக்கும் பிடிக்கும்.)

திருடன் பிடிபட்டதைவிட, ஸ்டோல் அவனைக் கண்காணித்த விதம்தான் இங்கே முக்கியம். முழு அதிகாரம் கையில் இருப்பவன் இயந்திரத்துக்குள் இருக்கும் கணக்குப் புத்தகத்தையும் திருத்திவிடலாம். ஆகவே ஸ்டோல் ஒரு வார இறுதியில், விடுமுறையில் போனவர்களின் மேசைகளிலிருந்து டெர்மினல்களையும் பிரிண்டர்களையும் 'இரவல்' வாங்கி, வெளியிலிருந்து வரும் 50 தொலைபேசி இணைப்புகளிலும் மாட்டிவிட்டார். திருடன் தட்டுவது எல்லாம் காகிதத்தில் அச்சாகும். அந்தக் காகிதத்தைத் திருடனால் அழிக்க முடியாது, ஏனென்றால் அது அவன் பிடித்த இயந்திரத்துக்குள் இல்லை. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கல்லாப்பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவரிடமே பேரேட்டையும் கொடுக்காதே என்று ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்ற தலைப்பில் வருமே, அதேதான்.

மலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கினால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம். அங்கேதான் சில வருடங்களுக்கு முன்பு எரிக் ஆல்மன் என்பவர் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளை எழுதினார். அஞ்சல் எங்கே போனது, எங்கே சிக்கியது என்று குறித்துவைக்க ஓர் இடம் வேண்டுமே... அதற்காகப் பக்கத்தில் ஒரு சின்ன நிரலையும் எழுதினார். அதுதான் சிஸ்லாக். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இதுவும் சேர்ந்து வெளியே போனது. சென்ட்மெயிலுக்காகப் பிறந்த குறிப்பேட்டை, மற்ற நிரல்களும் 'எனக்கும் ஒரு பக்கம் கொடு' என்று பயன்படுத்த ஆரம்பித்தன.

சிஸ்லாக் செய்தி ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு தொடங்கும். எந்தத் துறையிலிருந்து வருகிறது என்பதற்கு 0 முதல் 23 வரை ஓர் எண், எவ்வளவு அவசரம் என்பதற்கு 0 முதல் 7 வரை ஓர் எண். துறை எண்ணை எட்டால் பெருக்கி அவசர எண்ணைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான். 34 என்று வந்தால் துறை 4, அதாவது பாதுகாப்பு. அவசரம் 2, அதாவது நிலைமை மோசம். இந்தத் துறைப் பட்டியலே ஒரு அருங்காட்சியகம். மின்னஞ்சலுக்கு 2, லைன் பிரிண்டருக்கு 6, யூஸ்நெட் செய்திக்குழுக்களுக்கு 7, தொலைபேசி வழியே கோப்பு அனுப்பிய யுயுசிபி-க்கு 8. இன்றைக்கு யுயுசிபி-யைப் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனாலும் எட்டாம் எண் அதற்கென்று ஒதுக்கியபடியே கிடக்கிறது.

ஒரு இயந்திரத்தின் குறிப்பை இன்னொரு இயந்திரத்துக்கு அனுப்பவும் சிஸ்லாக்கால் முடியும். ஸ்டோல் காகிதத்தில் செய்த வேலையைக் கம்பி வழியாகச் செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சர்வர்கள் இருந்தால் பத்தும் தங்கள் லாக்கைப் பதினோராவது ஒன்றுக்கு அனுப்பும். உள்ளே நுழைந்தவன் முதல் சர்வரில் தன் தடத்தை அழித்தாலும் பதினோராவதில் அது இருக்கும். இருக்க வேண்டும்! இந்த 'வேண்டும்' என்ற சொல்லில்தான் முப்பது வருடக் கதை ஒளிந்திருக்கிறது.

அனுப்புவதற்கு அன்றைக்குத் தேர்ந்தெடுத்த வழி யுடிபி, போர்ட் எண் 514. யுடிபி 1980-இல் ஜான் போஸ்டல் மூன்றே பக்கத்தில் எழுதிய விதிமுறை. அது தபால் அட்டை மாதிரி. எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. சேர்ந்ததா, வழியில் தொலைந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். இதில் ஒரு நியாயமும் உண்டு. அஞ்சல் சர்வரின் வேலை அஞ்சல் கொண்டுபோவது. லாக் எழுதுவதற்காக அது யாருக்காகவும் காத்து நிற்கக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், ஒரு சர்வர் அமைதியாக இருக்கும்போது லாக் குறைவு, ஏதாவது விபரீதம் நடக்கும்போதுதான் ஆயிரக்கணக்கில் கொட்டும். பெறும் பக்கத்தின் பெட்டி நிரம்பி வழிவதும் அப்போதுதான். யுடிபி-யில் வழிந்தது வழிந்ததுதான். எந்த ஐந்து நிமிடத்துக்குச் சாட்சி வேண்டுமோ அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஓட்டை விழும். போதாததற்கு, அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போட்டு அட்டை எழுதுவதும் சுலபம்.

'அப்படியானால் டிசிபி-க்கு மாற்றிவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். டிசிபி முதலில் கைகுலுக்கி இணைப்பை ஏற்படுத்தும், வராததைத் திரும்ப அனுப்பும், வரிசை மாறாமல் கொடுக்கும். ஆனால் முதல் தடை ஒரு வேடிக்கையான தடை. டிசிபி-யில் 514-ஆம் எண் கதவில் ஏற்கெனவே வேறு ஆள் குடியிருந்தார்! ஆர்எஸ்எச் என்ற தொலை-இயக்க நிரல். அதுவும் அதே 1983-இல், அதே 4.2 பிஎஸ்டி-யில் வந்ததுதான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு ஒரே கதவு எண், ஒருவருக்கு யுடிபி பக்கம், இன்னொருவருக்கு டிசிபி பக்கம். ஆகவே டிசிபி-யில் சிஸ்லாக் அனுப்ப விரும்பியவர்கள் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்தார்கள். சிலர் துணிந்து 514-ஐயே எடுத்துக்கொண்டார்கள்.

விரும்பியவர்களில் முன்னால் வந்தவர் ஹங்கேரியைச் சேர்ந்த பாலாஷ் ஷைட்லர். டாரன் ரீட் எழுதிய என்சிஸ்லாக்டி என்ற நிரலை எடுத்து வேலையைத் தொடங்கி, 1998-இல் சிஸ்லாக்-என்ஜி என்று தனியாகவே ஒன்றை உருவாக்கினார். 2004-இல் ஜெர்மனியின் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் ஆர்சிஸ்லாக் என்ற இன்னொன்றைத் தொடங்கினார். ஃபெடோரா 2007-லும் டெபியன் 2009-லும் இதைத் தங்கள் வழக்கமான லாக் நிரலாக வைத்துக்கொண்டதால், லினக்ஸ் உலகில் இது பரவிவிட்டது. இதில் டிசிபி வழியாக வாங்கச் சொல்லும் அமைப்பு சில வரிகள்தான்: பெறும் சர்வரில் ஐஎம்டிசிபி என்ற மாட்யூலை ஏற்று, எந்தப் போர்ட்டில் காதுகொடுக்க வேண்டும் என்று சொல்லி, ஃபயர்வாலில் அந்தக் கதவைத் திறந்துவிட வேண்டும். அனுப்பும் பக்கத்தில் இன்னும் சுலபம். சர்வர் பெயருக்கு முன்னால் @ ஒன்று போட்டால் யுடிபி, @@ என்று இரண்டு போட்டால் டிசிபி. முப்பது வருட விவாதம் ஒரு கூடுதல் @ குறியில் அடங்கிவிட்டது :-)

அடங்கியதா? அதுதான் இல்லை. தபால் அட்டையில் ஒரு செய்தி முடியும் இடம் தெரியும், அட்டை முடிந்தால் செய்தி முடிந்தது. டிசிபி குழாய்த் தண்ணீர் மாதிரி தொடர்ந்து வரும். எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது? பெரும்பாலோர் ஒவ்வொரு செய்திக்கும் கடைசியில் புதுவரிக் குறி ஒன்றை வைத்தார்கள். ஒரே செய்திக்குள் பல வரிகள் இருந்தால் (ஜாவா நிரல் பிழையில் விழும்போது பக்கம் பக்கமாகக் கக்குமே, அது) ஒன்று முப்பதாக உடைந்து வரும். வேறு சிலர் செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை எழுதினார்கள். பெறுபவர் முதல் எழுத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்: எண்ணாக இருந்தால் நீளம், < குறியாக இருந்தால் பழைய முறை.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. தபால் அட்டை தொலைந்தால் அனுப்பியவருக்கு நஷ்டமில்லை. ஆனால் டிசிபி-யில் பெறும் சர்வர் படுத்துவிட்டால் அனுப்புபவர் என்ன செய்வார்? வரிசையில் சேர்த்து வைப்பார். வரிசை நிரம்பியதும், லாக் எழுத வந்த நிரல்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும். இணையதளம் நிற்கும், சர்வருக்குள் நுழைந்து என்னவென்று பார்க்கலாம் என்றால் லாகினும் தொங்கும், ஏனென்றால் லாகினும் லாக் எழுத வேண்டுமே! இதைத் தெரிந்தே ஒரு கொள்கையாக வைத்தது சிஸ்கோவின் பிக்ஸ் ஃபயர்வால். டிசிபி லாக் சர்வர் கிடைக்கவில்லை என்றால் புதிய இணைப்பு எதையும் உள்ளே விடாது. கணக்குப்பிள்ளை வராவிட்டால் கடையே திறக்காத முதலாளி மாதிரி. வங்கிக்கு அது சரியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்குச் சரியா? இதற்குத் தொழில்நுட்பத்தில் பதில் கிடையாது, அந்தந்த நிர்வாகம்தான் முடிவு செய்ய வேண்டும். பின்னால் வந்த ஏஎஸ்ஏ ஃபயர்வாலில் இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்த ஒரு கட்டளையும் இருக்கிறது.

2001-இல் இரண்டு ஆவணங்கள் வந்தன. ஆர்எஃப்சி 3164-ஐ ஆகஸ்டில் சிஸ்கோவின் கிறிஸ் லான்விக் எழுதினார். அது புதிய விதி அல்ல, இருபது வருடமாக எல்லாரும் செய்துவருவது இதுதான் என்ற வாக்குமூலம். (தேதியில் வருடமே எழுதாத பழக்கம்கூட அதில் அப்படியே இருக்கிறது. வருடமில்லாத வவுச்சரை எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்?) நவம்பரில் ஆர்எஃப்சி 3195, நம்பகமான முறையில் அனுப்புவதற்கென்றே, 601 என்ற சொந்தக் கதவு எண்ணோடு. நல்ல திட்டம்தான், ஆனால் பீப் என்ற இன்னொரு விதிமுறையின்மேல் ஏற்றிக் கட்டியிருந்ததால் சிக்கலாகிவிட்டது. பெரும்பாலோர் தொடவில்லை.

அதற்கு அடுத்த மாதம், 2001 டிசம்பரில், என்ரான் திவால். அதன் ஆடிட்டரான ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தில் ஆவணங்கள் கிழிக்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். 2002 ஜூலையில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம், விசாரணையைத் தடுக்கும் நோக்கத்தில் ஆவணத்தை அழித்தால் 20 வருடம் வரை சிறை என்றது. 2004 டிசம்பரில் கிரெடிட் கார்டு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட பிசிஐ டிஎஸ்எஸ் விதிகள், லாக்கை மாற்ற முடியாத ஒரு மைய சர்வரில் வை, ஒரு வருடம் பாதுகாத்து வை என்றன. அதுவரை சிஸ்டம் அட்மினின் தனிப்பட்ட தலைவலியாக இருந்த லாக், அதன்பிறகு ஆடிட்டர் கேட்கும் ஆவணம் ஆனது. தொலைந்தால் தொலையட்டும் என்று இனிமேல் இருக்க முடியாது. இந்தியாவிலும் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவில், லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

சரி, @@ போட்டால் 'தொலையவில்லை' என்று சத்தியம் செய்யலாமா? முடியாது என்று சொன்னவர் வேறு யாருமல்ல, ஆர்சிஸ்லாக் எழுதிய கெர்ஹார்ட்ஸ்தான். 2008-இல் அவர் விளக்கியது இது: நிரல் ஒரு செய்தியை டிசிபி-யிடம் கொடுத்ததும் 'சரி' என்று பதில் வருகிறது. அந்தச் 'சரி'க்கு, தன் சொந்த இயந்திரத்தின் நினைவகத்தில் வாங்கி வைத்தாயிற்று என்றுதான் பொருள். அந்த நேரத்தில் மறுமுனை செத்துப்போனால், கையிலிருந்த செய்திகள் போய்விடும், நிரலுக்கு எவை போயின என்றே தெரியாது. 2025-இல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்ட நம் பதிவுத் தபாலை நினைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் கொடுக்கும் ரசீது, தபால் ஆபீஸ் வாங்கிக்கொண்டது என்பதற்குத்தான் சாட்சி. பெறுநர் கையெழுத்திட்டுத் திரும்பி வரும் ஒப்புகை அட்டை வேறு. கெர்ஹார்ட்ஸ் அந்த ஒப்புகை அட்டையை ஆர்ஈஎல்பி என்ற பெயரில் செய்தார். பெறும் சர்வர் ஒவ்வொரு செய்திக்கும் 'வந்தது' என்று பதில் எழுதும். வராதவற்றை அனுப்புபவர் மீண்டும் அனுப்புவார்.

2009 மார்ச்சில் சிஸ்லாக்குக்கு ஒழுங்கான தரநிலை ஒருவழியாக வந்தது, ஆர்எஃப்சி 5424. வருடம், நேர மண்டலம் எல்லாம் சேர்ந்தாயிற்று. கூடவே, மறையாக்கம் செய்து டிஎல்எஸ் வழியாக அனுப்ப 6514 என்ற கதவு எண். வெறும் டிசிபி-க்கோ 2012 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லான்விக்கும் கெர்ஹார்ட்ஸும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 6587-தான் அது. பிறக்கும்போதே அதன் நெற்றியில் 'வரலாற்றுக்குரியது' என்று முத்திரை குத்திவிட்டார்கள்! வெறும் டிசிபி-யில் பாதுகாப்பு இல்லை, இதை யாரும் நிறுவ வேண்டாம், டிஎல்எஸ்ஸுக்குப் போங்கள் என்று தரநிலைக் குழுவின் குறிப்பு ஒன்றும் முன்பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு @@ போடுவதை எத்தனை பேர் நிறுத்தினார்களோ!

ஆர்எஸ்எச்-ஐ 1995-இல் வந்த எஸ்எஸ்எச் எப்போதோ ஓரங்கட்டிவிட்டது. ஆனால் இணைய எண்களை ஒதுக்கும் ஐயானா பட்டியலில் டிசிபி 514-க்கு நேரே இன்றும் 'ஷெல்' என்றுதான் இருக்கிறது.