உஜ்ஜாயியின் ஒலி எந்த மூச்சில்? பிரதீபிகையின் ஒரு பகுதி குறித்து

உஜ்ஜாயி என்னும் மூச்சுப் பயிற்சியில் தொண்டையைச் சற்றே குறுக்கி, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒரே சீரான ஒலி எழுப்ப வேண்டும் என்பதற்கு ஹடயோகப் பிரதீபிகையைச் சான்று காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த நூலின் இரண்டாம் உபதேசத்தின் (அத்தியாயத்தின்) 51 முதல் 53 வரையிலான சுலோகங்களே அந்தச் சான்று. அவற்றில் பூரகத்தின் (உள்மூச்சின்) ஒலிக்கு இடம் உண்டு. ரேசகத்தின் (வெளிமூச்சின்) ஒலிக்கு இல்லை என்பது என் வாசிப்பு.

அந்தப் பகுதி சொல்வது இவ்வளவுதான்: வாயை மூடி, இரு நாடிகளாலும் காற்றை மெல்ல இழுக்க வேண்டும்; அது தொண்டை முதல் நெஞ்சு வரை ஒலியோடு உரசிச் செல்ல வேண்டும்; பிறகு முன்போலக் கும்பகம் (மூச்சை அடக்கல்); பின்னர் இடகலை (இட நாசி) வழியே ரேசகம். தொண்டையைக் குறுக்கு என்ற கட்டளை எங்கும் இல்லை. ஆயினும் மெல்ல இழுக்கும் காற்று தொண்டையில் ஒலிக்க வேண்டுமானால் குரல்வளை ஓரளவு குறுகியே ஆக வேண்டும். ஆகவே பூரகத்தில் குறுக்கம் உள்ளடங்கியிருக்கிறது என்போரோடு எனக்குப் பிணக்கு இல்லை. அதையே ரேசகத்துக்கும் நீட்டுவதில்தான் சிக்கல்.

நூல் சொல்லாமல் விட்டதைக் கொண்டு ஒன்றை நிறுவுவது பொதுவாக வலுவற்ற வாதம் என்பதை அறிவேன். இங்கே நிலைமை வேறு. அதே உபதேசத்தில் பஸ்திரிகை என்ற மற்றொரு மூச்சுப் பயிற்சியை விளக்குமிடத்தில் ஏறத்தாழ இதே தொடர் மீண்டும் வருகிறது. ஆனால் திசை தலைகீழ்: வாயை மூடி மூக்கால் காற்றை வெளிவிட வேண்டும், அது நெஞ்சிலும் தொண்டையிலும் பட்டுக் கபாலம் வரை ஒலியோடு செல்ல வேண்டும். அங்கே ஒலி ரேசகத்துக்கு உரியது. பிராமரி என்ற பயிற்சியிலோ இரண்டு மூச்சுக்கும் ஒலி வகுக்கப்படுகிறது: பூரகத்தில் ஆண்வண்டின் ஒலி, ரேசகத்தில் பெண்வண்டின் ஒலி. உஜ்ஜாயிக்கு அடுத்தே வரும் சீத்காரியில் ஒலி வாயால் இழுக்கும் மூச்சோடு நிற்கிறது, விடுவது மூக்கால். எந்த மூச்சில் ஒலி என்பதைக் பயிற்சிக்குப் பயிற்சி இத்தனை கவனமாகப் பிரித்த நூலாசிரியர் சுவாத்மாராமர், உஜ்ஜாயியில் மட்டும் மறந்துவிட்டார் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சுலோகங்கள் பழைய கோரட்ச சதகத்திலிருந்து எடுக்கப்பட்டவையாயிற்றே என்று கேட்கலாம். எடுத்தாளப்பட்டவைதாம். ஆனால் உஜ்ஜாயி, பஸ்திரிகை இரண்டுமே அதில் உள்ளவை. அந்த வேறுபாட்டுக்குப் பழமை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.

‘முன்போல’ என்பது ஒலியையும் தழுவும் என்ற வாதம் நிற்காது. உஜ்ஜாயிக்கு முன்னே நிற்பது சூரியபேதனம் என்ற பயிற்சி. அதில் ஒலியே கிடையாது. நடக்கும்போதும் நிற்கும்போதும் இதைச் செய்யலாம் என்ற 53ஆம் சுலோகத்தைப் பிடித்துக்கொண்டு, நடப்பவன் விரலால் நாசியை அடைக்க முடியாது, எனவே ரேசகம் இரு நாசிகளாலும் நடந்திருக்கும், ஆகவே ஒலியும் உண்டு என்று செல்வாரும் உளர். நாசியைப் பற்றிய செய்தியிலிருந்து தொண்டையைப் பற்றிய முடிவு எப்படி வரும்? கேரண்ட சம்ஹிதையின் உஜ்ஜாயியிலோ ஒலி பற்றிய பேச்சே இல்லை. திருமந்திரத்தில் தேடுவது நம்மவர் பழக்கம். அங்கே பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32 என்ற மாத்திரைக் கணக்கு கிடைக்கும், தொண்டை கிடைக்காது.

இது வெறும் பாடச் சிக்கல் அன்று. பயிற்சியின் வரிசையையும் தொடுகிறது. இன்றைய ஆசிரியர்கள் பலர் கண்ணாடியில் ஆவி படியும்படி வாய் திறந்து ‘ஹா’ என்று ஊதச் சொல்லி, பிறகு அதே நிலையில் வாயை மூடச் சொல்கிறார்கள். அதாவது ரேசகத்தில் தொடங்கிப் பூரகத்துக்கு வருகிறார்கள். உடற்கூறும் இதற்குத் துணை நிற்கிறது. மூச்சை விடும்போது குரல்நாண்கள் இயல்பாகவே சற்று நெருங்குகின்றன, இழுக்கும்போது விலகுகின்றன. எனவே வெளிமூச்சில் ஒலி எளிது, உள்மூச்சில் அரிது. நூல் கேட்பதோ அந்த அரியதை. எளிய பாதியில் பழகியவர் அதே அழுத்தத்தை உள்மூச்சுக்குக் கொண்டுவரும்போது கழுத்துத் தசைகளை இறுக்கிக்கொள்வதைப் பயிலகங்களில் எளிதாகக் காணலாம். மெல்ல இழுக்கச் சொன்ன நூல் அதற்குப் பொறுப்பாகாது.

இரு மூச்சிலும் ஒலி என்ற முறை தவறு என்று நான் சொல்லவில்லை. அதன் பயனை இந்தச் சுலோகங்களைக் கொண்டு அளக்கவும் முடியாது. அந்த முறைக்குத் தெளிவான அச்சுச் சான்று பி.கே.எஸ். அய்யங்காரின் 1966ஆம் ஆண்டு நூலான ‘லைட் ஆன் யோகா’வில் இருக்கிறது: உள்மூச்சுக்கு ‘ஸ’, வெளிமூச்சுக்கு ‘ஹ’. அதற்கு முந்திய சான்றுகள் இருபதாம் நூற்றாண்டிலேயே கிடைக்கக்கூடும். தேட வேண்டிய இடமும் அதுதான். வெளிமூச்சின் ஒலிக்கு அடிக்குறிப்பு எழுதுவோர் இனிப் பிரதீபிகையை விட்டுவிட்டு அய்யங்காரின் நூலைச் சுட்டுவதே முறை.