எழுத்துக் கற்பித்த முறைகள்: ஏடு முதல் இன்று வரை



வேலணையில் அரசினர் பாடசாலையொன்றின் அதிபராக இருக்கும் என்னிடம், தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்தில் ஒரு தாய் வந்தார். இளைய மகளைக் கையில் பிடித்திருந்தார். மூத்த மகன் எம் பாடசாலையிலேயே தரம் மூன்றிற் படிப்பவன். “ஐயா, மூத்தவன் ஆனா ஆவன்னா தொடங்கி எல்லாம் பாடமாகச் சொல்லுவான், புத்தகத்தை விரித்தால் ஒரு சொல்லும் வாசிக்கமாட்டான். இவளுக்கும் அப்படி வந்துவிடக் கூடாது. எங்கே தொடங்குகிறது?” என்று கேட்டார். அவர் என்மீது குறை கூறவில்லை. எனினும் அவனுக்கு எழுத்தறிவித்தது எம் பாடசாலையே ஆதலின், அக்கேள்விக்கு விடை கூறும் கடமை எனக்கிருந்தது. அவ்விடையைத் தேடிச் சென்றபோது, நம் முன்னோர் எழுத்துக் கற்பித்த வரலாற்றைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதியிலும் பிள்ளைக்கு ஏடு தொடக்குதல் ஒரு மங்கல நிகழ்ச்சி. விசயதசமியிலோ தைப்பூசத்திலோ பெரியவரொருவர் பிள்ளையைத் தம் மடியில் இருத்தி, அதன் விரலைப் பற்றித் தட்டிற் பரப்பிய அரிசியில் அகரம் எழுதுவிப்பார். பண்டு அதன்பின் பிள்ளை திண்ணைப்பள்ளிக்குச் செல்லும். அங்கே மணலே அதற்குச் சிலேட்டு, பனையோலையே புத்தகம். பனைக்குக் குறைவில்லாத எம் தீவில் ஏடு வாருவதற்கு ஓலை தேடி எவரும் அலைய வேண்டியிருந்ததில்லை. சட்டம்பியார் எழுத்தின் பெயரைச் சொல்ல, பிள்ளைகள் ஒருங்கே உரத்துச் சொல்லியபடி மணலில் எழுதுவர். அரிச்சுவடி முடிந்தபின் ஒளவையாரின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் வரும். அவை நெடுங்கணக்கின் வரிசையிலேயே அமைந்தவை. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறவுரை. எழுத்தின் ஒலியையும் பொருளுள்ள சொல்லையும் ஒருங்கே பிள்ளையின் வாயில் ஏற்றும் இவ்வமைப்பு ஆழ்ந்த அறிவின் விளைவு என்பதில் ஐயமில்லை.

ஆனால், அக்காலத்துப் பிள்ளை நூலை முதலில் மனனஞ் செய்து, பின்னரே ஏட்டைப் பார்த்தது. பொருளுணராத கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதனைப் பின்வந்தோர் பலர் இகழ்ந்தனர். நானும் இளமையில் அவ்வாறே எண்ணியதுண்டு. ஏடு எழுதப்பட்ட விதத்தை அறிந்தபின்னரே அவ்வெண்ணம் மாறியது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் கூறிய விதி. எனினும் எழுத்தாணியால் ஓலையிற் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சியோ, விரைவு கருதியோ, ஏடெழுதியோர் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஆகவே ‘பல’ என்று எழுதியிருந்தால், அது பலவா, பல்லா என்று எழுத்து மட்டும் சொல்லாது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படாமையால் ‘கொடு’ என்பதும் ‘கோடு’ என்பதும் ஏட்டில் ஒன்றே. ரகரமும் ஆகாரத்துக்குரிய காலும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையில் இடைவெளியும் இல்லை. இத்தகைய ஏட்டை எழுத்தெழுத்தாக ஒலித்து வாசித்தல் எங்ஙனம் இயலும்? பாட்டு முன்னமே நெஞ்சில் இருந்தால், ஏட்டிலுள்ள கோடுகள் நினைவைத் தூண்டும். இல்லையேல் கற்றவனும் தடுமாறுவான். ஆகவே முன்னோர் மனனத்தை முதலில் வைத்தது அறியாமையால் அன்று. அவர்கள் கையிலிருந்த கருவி அதனையே வேண்டி நின்றது.

இந்நிலையை மாற்றியவை இரண்டு. ஒன்று எழுத்துச் சீர்திருத்தம். 1680இல் இத்தாலியிற் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவரே எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை இன்று நாம் எழுதும் வடிவில் நிலைநாட்டியவர் என்று கூறுவர். மற்றொன்று அச்சு. ஈய எழுத்திற் புள்ளியிட ஓலை கிழியும் அச்சமில்லை. அச்சு பரவப் பரவ, மெய்யெழுத்து மீண்டும் தன் புள்ளியைப் பெற்றது. சொற்கள் பிரிந்து நின்றன. அன்றுதான் முன்னறியாத ஒரு வரியைப் பிள்ளை தன் கண்ணையும் நாவையும் மட்டும் துணைக்கொண்டு வாசிக்க வழி பிறந்தது.

யாழ்ப்பாணத்தில் இம்மாற்றம் நிகழ்ந்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1816இல் அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்து ஊர்தோறும் பள்ளிகளை நிறுவினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தோன்றியது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. அவர்களது நோக்கம் சமயம் பரப்புதல். எனினும் பெண்பிள்ளையும் எழுத்தறிய வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வேரூன்றியது. 1822இல் நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர், சைவப் பிள்ளைகளுக்கென 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலே அச்சியந்திரமொன்றையும் நிறுவினார். பாடசாலையும் அச்சகமும் ஒருவர் கையிற் சேர்ந்ததன் பயனாகப் பாலபாடங்கள் எழுந்தன. எளியதிலிருந்து அரியதற்குப் படிமுறையாகச் செல்லும் வசன நூலைப் பிள்ளையின் கையிற் கொடுத்தது பெரியதொரு திருப்பம். பாட்டை மனனஞ் செய்த பிள்ளை, இப்போது வசனத்தை வாசிக்க வேண்டியதாயிற்று.

ஆயினும் கருவி மாறிய வேகத்தில் முறை மாறவில்லை. ஏட்டுக் காலத்து எழுத்துப் பெயர்கள் அச்சுக் காலத்திலும் நீடித்தன. அகரம் ‘ஆனா’, ஆகாரம் ‘ஆவன்னா’, பகரம் ‘பானா’, டகரம் ‘டானா’. பெயர் வேறு, ஒலி வேறு. ‘படம்’ என்னும் சொல்லைக் கண்ட பிள்ளை ‘பானா, டானா, இம்’ என்று கூட்டினால், அக்கூட்டலிலிருந்து படம் பிறக்காது. பிள்ளை எழுத்தை அறியும், சொல்லை அறியாது. அந்தத் தாயின் மூத்த மகன் நின்ற இடம் இதுவே.

இவ்விடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. 1660இல் பிரான்சு நாட்டிலே போர்ட் ரோயல் மடத்து அறிஞர் அர்னோவும் லான்சலோவும் வெளியிட்ட இலக்கண நூல், எழுத்துகளைப் பெயரால் அன்றி அவற்றின் இயல்பான ஒலியாற் கற்பித்தால் பிள்ளை எளிதில் வாசிக்கும் என்று கூறியது. அதற்கு ஈராண்டு முன்னர் கொமேனியசு வெளியிட்ட படப்புத்தகம், காகம் கரைவது, ஆடு கத்துவது முதலிய ஒலிகளால் எழுத்தொலியை உணர்த்தியது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைகள் விடுதியின் பொறுப்பை ஏற்ற அந்திரூ பெல் என்பவர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிற் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் இணைத்தார். 1797இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். அதன்பின் இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் ஆயிரமாயிரவர் ‘சென்னை முறை’ என்னும் பெயரில் மணலில் எழுதிப் படித்தனர். நம் திண்ணைப்பள்ளியின் மணற்றட்டுக் கடல் கடந்து சென்ற கதை இது.

பின்னர் மேனாட்டில் மற்றொரு கொள்கை வலுப்பெற்றது. எழுத்து உயிரற்றது, சொல்லே பொருளுடையது, ஆதலின் சொல்லை முழுமையாகக் காட்டி முதலில் அறிமுகஞ் செய்க என்பது அது. அமெரிக்காவில் ஒறேசு மான் என்னும் கல்வியாளர் 1840களில் எழுத்தைப் பெயர் சொல்லிக் கற்பிப்பதைக் கடுமையாகச் சாடினார். சொன்முறை அங்குப் பரவிற்று. 1955இல் உருடோல்பு பிளெசு என்பவர் அதனை எதிர்த்து எழுதிய நூல் பெற்றோரிடையே பெருங்கிளர்ச்சியை எழுப்பியது. 1967இல் சீன் சால் அம்மையார் ஆய்வுகளை ஒப்புநோக்கி, தொடக்கத்தில் எழுத்தொலியை முறையாகக் கற்பித்தலே மேலான பயன் தருவது என்று முடிவு கூறினார். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழுவும், 2006இல் இங்கிலாந்தின் உரோசு அறிக்கையும் அத்திசையையே காட்டின.

எனது பயிற்சிக் காலத்தில் சொன்முறையே புதுமையானதாக எனக்குத் தோன்றியது. அதனை ஆர்வத்தோடு கைக்கொண்டேன். பூனையின் படத்துக்குக் கீழே பூனை என்னும் சொல். பந்தின் படத்துக்குக் கீழே பந்து. பிள்ளைகள் மகிழ்ந்து வாசித்தார்கள். ஒருநாள் படங்களை மறைத்துச் சொற்களை மட்டும் காட்டினேன். வகுப்பிற் பாதிப்பேர் மௌனமானார்கள். அவர்கள் இத்தனை நாளும் படத்தையே வாசித்திருந்தார்கள். நானோ எழுத்தை வாசித்ததாக நம்பியிருந்தேன். பழைய முறையிற் பிள்ளை எழுத்தின் பெயரைச் சொல்லிற்று. என் புதிய முறையில் படத்தின் பெயரைச் சொல்லிற்று. இரண்டிலும் ஒலி விடுபட்டுப் போயிற்று.

அப்படியாயின் மேனாட்டார் ஒலிமுறையை அவ்வண்ணமே ஏற்போமா? அதுவும் பொருந்தாது. ஆங்கிலத்தில் ஓரெழுத்துப் பல ஒலி தரும்; ஓரொலி பலவாறு எழுதப்படும். அவர்களுடைய நீண்ட பயிற்சிகள் அச்சிக்கலை அவிழ்ப்பதற்காக எழுந்தவை. தமிழெழுத்தின் இயல்பு வேறு. நம் வாசிப்பின் அலகு உயிர்மெய். ‘கெ’ என்பதில் எகரக் கொம்பு முன்னே நிற்கின்றது. அதன் ஒலியோ ககரத்துக்குப் பின்னரே எழுகின்றது. இதனை இடமிருந்து வலமாகத் துண்டு துண்டாக ஒலிக்கச் சொன்னால் பிள்ளை குழம்பும். உயிர்மெய்யை ஓரலகாகவே காட்டுதல் வேண்டும்.

மேலும், 247 எழுத்தென்று அஞ்சவும் வேண்டுவதில்லை. உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, மெய்யாக்கும் புள்ளி ஒன்று, கால், விசிறி, கொம்பு முதலிய குறிகள் சில. உகர ஊகார வரிகள் மட்டும் பல வடிவின, அவை 36. இவற்றை முறையாக அறிந்த பிள்ளைக்கு எஞ்சியவை தாமே விளங்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இவ்வழியை மேலும் எளிதாக்கிற்று. பெரியார் ஈ. வெ. ரா. 1935இலேயே தம் இதழிற் கைக்கொண்ட வடிவங்கள் அவை. நான் முதன்முதலில் எங்கள் ஊரின் பெயரை எழுதியபோது, ‘வேலணை’ என்பதன் இறுதி ஐகாரம் தும்பிக்கை போல எழுத்தின்மேல் வளைந்து நின்றது. இன்று பிள்ளைகள் ‘கை’, ‘பை’ என்பவற்றில் அறிந்த அதே குறியை ணகரத்துக்கு முன்னும் இடுகிறார்கள். குறி ஒன்று; விதி ஒன்று.

ககரம் ‘கல்’ என்பதில் ஒருவாறும் ‘சங்கு’ என்பதில் ஒருவாறும் ஒலிப்பதை எங்ஙனம் கற்பிப்பது என்று ஆசிரியர் சிலர் வினவுவர். அதனைக் கற்பிக்க வேண்டுவதில்லை. சங்கையும் கல்லையும் பிள்ளை முன்னமே சரியாகச் சொல்லும். இடம் நோக்கி ஒலி தானே திரியும். ஆனால் ழகர ளகர வேறுபாட்டை எம்மூர்ப் பேச்சு அவ்வளவாகக் காட்டுவதில்லை. அங்கே ஒலிமுறை துணை செய்யாது. நல்ல புத்தகத்தைப் பலகால் வாசித்துச் சொல்லின் உருவத்தைக் கண்ணிற் பதித்தலே வழி. ஒவ்வொரு முறைக்கும் அதன் எல்லை உண்டு.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து, எம் தரம் ஒன்று ஆசிரியையும் நானும் ஒரு தெரிவு செய்தோம். எழுத்தின் பெயரைப் பின்னுக்கு வைத்தோம்; ஒலியை முன்னே வைத்தோம். வடிவில் எளிய ட, ப, ம என்னும் மூன்றோடு தொடங்கினோம். புள்ளியைக் காட்டியதும் படம், மடம், பட்டம் என்னும் சொற்கள் பிறந்தன. அடுத்து க, ண, ல, வ. கடல், மணல் என்பன வந்தன. குறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது பனை, வலை, படகு, நண்டு என வளர்ந்தன. பேச்சிலும் எழுத்திலும் வேறுபடாத, தீவுப் பிள்ளை நாள்தோறும் காணும் சொற்களையே முதலில் எடுத்தோம். படத்தைச் சொல்லுக்கு முன்னர்க் காட்டவில்லை. சொல்லை வாசித்தபின் பரிசாகக் காட்டினோம். மணலையும் விடவில்லை. கடற்கரையிலிருந்து அள்ளிய மணல் இன்றும் வகுப்பறைத் தட்டில் இருக்கின்றது. நெடுங்கணக்கு வரிசையையும் ஆத்திசூடியையும் கைவிடவில்லை. பிள்ளை வாசிக்கத் தொடங்கியபின் அவை வரிசையும் நயமும் தருவனவாய் வந்து சேர்ந்தன.

இதனை வெற்றிக் கதையாகச் சொல்ல நான் துணியேன். 1990இல் போரினால் இத்தீவு மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோது, ஏடு தொடக்கிய கையோடு பாடசாலையை இழந்த பிள்ளைகளை நான் அறிவேன். அவர்களிற் சிலர் இன்று பெற்றோர். மகளின் கொப்பியைப் பார்த்துத் திருத்த இயலாமல் நாணி நிற்கும் தந்தையை நான் கண்டிருக்கின்றேன். அத்தகைய வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் பாடசாலையை விட்டால் வேறு துணை இல்லை. முறை தவறினால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியோ தப்பிவிடும். தப்பாதது இந்தப் பிள்ளையே. ஆதலின் கற்பிக்கும் முறையைத் தெரிதல் ஆசிரியரின் விருப்பு வெறுப்பைப் பொறுத்த செய்தியன்று.

அந்தத் தாயின் இளைய மகள் இரண்டாந் தவணையில், கடைப் பலகையொன்றில் எழுதியிருந்ததைத் தானே வாசித்தாளாம். எவரும் அவளுக்கு அதனை முன்னர் வாசித்துக் காட்டியதில்லை. மூத்தவனோடும் மீண்டும் ட, ப, ம என்றே தொடங்கினோம். தரம் மூன்று மாணவனுக்கு அது சிறிது நாணமாகவே இருந்தது. பாடசாலை விட்டபின் அரைமணி நேரம் என் அறையில் இருந்து படிக்கின்றான். இப்போது மெல்ல மெல்ல, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசிக்கின்றான். அவன் முடிக்கும்வரை நான் காத்திருக்கின்றேன்.