நெட்பீன்ஸ் வெளியீட்டுச் சோதனை

நெட்பீன்ஸ் நிரலாக்கச் சூழலின் புதிய பதிப்பு பயனர் கைக்குப் போகுமுன், அது அடிப்படையில் ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்க்கும் விரைவுச் சோதனை. 1996இல் பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டமாகப் பிறந்த இம்மென்பொருள், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், ஆரக்கிள் ஆகியவற்றிடம் இருந்துவிட்டு, 2016இல் அப்பாச்சி அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டது. முன்பு 'நெட்கேட்' என்னும் திட்டத்தின் கீழ் தன்னார்வப் பயனர்களும் இத்தகைய சோதனைகளைச் செய்தனர்.

சோதிப்பவர் முதலில் வெறுமையான பயனர் கோப்புறையுடன் மென்பொருளைத் தொடங்க வேண்டும். பழைய அமைப்புகளும் செருகுநிரல்களும் கலந்துவிட்டால் பிழை யாருடையது என்றே தெரியாது. பலரும் தவறவிடுவது இந்தப் படிதான். பிறகு ஒரு சிறு ஜாவா திட்டம். எஸ், ஓ, யூ, டி என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் அச்சிடும் கட்டளை முழுதாக விரிய வேண்டும். நிறுத்தப்புள்ளி வைத்துப் பிழைநீக்க முறையில் ஓட்டினால் நிரல் அதே வரியில் நிற்க வேண்டும். மாறியின் மதிப்பும் தெரிய வேண்டும். சாளரத்தை மூடித் திறந்தால் திட்டம் அப்படியே இருக்க வேண்டும்.

இவை தேறினாலும் நுட்பமான பிழைகள் ஒளிந்திருக்கலாம்; தேறாவிட்டால் மேற்கொண்டு சோதிப்பது வீண்வேலை.

அப்பாச்சி முறையில் பதிப்பை வெளியிடலாமா என்று வாக்களிப்பவர் அதன் மூல நிரலைத் தாமே தொகுத்துப் பார்ப்பதோடு, கையொப்பத்தையும் சரிபார்க்கிறார். வாக்கெடுப்பு வழக்கமாக 72 மணி நேரமாவது திறந்திருக்கும். குறைந்தது 3 ஆதரவு வாக்குகள் திட்டக்குழு உறுப்பினர்களுடையதாக இருப்பதுடன், எதிர்ப்பைவிட ஆதரவு மிகுந்திருந்தால்தான் பதிப்பு வெளியாகும்.