தண்ணீர் இறைத்த மண்ணில் வேலையின் கணக்கு

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏரிப் பாசனத்துக்குப் பேர்போன மண். ஏரி வற்றிய மாதங்களில் பயிரைக் காத்தவை கிணறுகள். அந்த நீரை மேலே கொண்டுவர மனிதர் மிதிக்கும் ஏற்றமும் மாடுகள் இழுக்கும் கவலையும் இருந்தன. வேலை, ஆற்றல், திறன் ஆகிய மூன்றையும் மாணவருக்கு விளக்க, பெட்டியைத் தள்ளும் பாடநூல் படத்தைவிட ஏற்றமே பொருத்தமானது.

ஏற்றத்தில், உயரமான கம்பத்தின் மேல் துலா என்ற நீண்ட மரம் குறுக்கே கிடக்கும். அதன் ஒரு முனையிலிருந்து இறங்கும் கழியில் சால் கட்டியிருக்கும். கிணற்றோரம் நிற்பவர் சாலை நீரில் அமிழ்த்துவார், மேலே வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். இன்னொருவர் துலாவின் மேலேயே நடப்பார். சால் நீருக்குள் இருக்கையில் துலாவின் மறுமுனை மேலே தூக்கி நிற்கும். மிதிப்பவர் அந்தச் சரிவில் ஏறி நடுக்கம்பத்தைத் தாண்டுவார்; அவர் எடைக்கு மறுமுனை தாழ, சால் எழும்.

ஒரு சாலின் 30 லிட்டர் நீரை 5 மீட்டர் உயர்த்த 30 × 9.8 × 5 = 1,470 ஜூல் வேலை தேவை. 60 கிலோ எடையுள்ளவர் 2.5 மீட்டர் இறங்கினால் கிடைப்பதும் அதே 1,470 ஜூல்தான். உராய்வுக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். அந்த ஆற்றல் சும்மா வந்ததல்ல. சரிவில் ஏறியபோது அவர் கால்கள் செய்த வேலையே உடலில் நிலை ஆற்றலாகச் சேர்ந்திருந்தது. அதற்கும் முதல், காலையில் குடித்த கூழ். துலாவின் நீளத்தை மாற்றினால் தேவைப்படும் விசை மாறும், கடக்கும் தொலைவும் மாறும், வேலை குறையாது.

கவலையிலும் இதே கதைதான். மாடுகள் சரிவில் இறங்கித் தோல்சாலை இழுக்கையில் அவற்றின் எடையும் துணைநிற்கும். பின்னோக்கி ஏறும்போது அந்தக் கடன் தீரும்.

இந்த இறைவைகளின் திறனை அளந்து, எண்ணெய் எஞ்சின் பம்புகளோடு ஒப்பிட்டவர் சென்னைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன். பிறகு பைக்காரா (1932), மேட்டூர் நீர்மின் நிலையங்கள் வந்தன. கிராமங்களுக்கு மின்கம்பி நீண்டது. விவசாய மின்சாரம் 1990இல் இலவசமானது. ஒரு குதிரைத்திறன் 746 வாட். 5 குதிரைத்திறன் மோட்டார் விநாடிக்கு 3,730 ஜூல் தரும். பாதி வீணானாலும் அந்த ஒரு சால் நீரை ஒரு விநாடிக்குள் ஏற்றிவிடும். வேலையின் அளவு மாறவில்லை, நேரம்தான் சுருங்கியது. திறன் என்பது இதுவே. ஏற்றக்காரரின் முதுகுவலியைத் தீர்த்ததும் இதுவே.

1990களின் இறுதியில் இதே வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை இயங்கத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர் ஆலைகள் திறக்கப்பட்டன. இங்கே கணக்கு இயக்க ஆற்றலுக்கு மாறுகிறது. 1,000 கிலோ காரை மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர 2,00,000 ஜூல் வேண்டும். ஏறக்குறைய 136 சால் நீரை இறைக்கும் வேலை. வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். பிரேக் பிடித்தால் அதில் பெரும்பகுதி வெப்பமாகி பிரேக் தட்டுகளைச் சூடாக்கும். ஒரகடத்திலேயே உள்ள வாகன ஆராய்ச்சி மையத்தின் சோதனைத் தடங்களில் வண்டிகளை ஓட்டிப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.