பிரிட்டிஷ் ஹோம் சாம்பியன்ஷிப்

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து (பின்னாளில் வட அயர்லாந்து) ஆகிய நான்கு அணிகள் 1884 முதல் 1984 வரை மோதிய கால்பந்துத் தொடர். உலகக் கோப்பைக்கு 46 ஆண்டுகள் மூத்தது. நாட்டு அணிகளுக்கிடையே நடந்த கால்பந்துத் தொடர்களில் இதுவே முதலாவது. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடன் ஆண்டுக்கு ஒருமுறை ஆடும். வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. 1979க்கு முன்பு, புள்ளிகள் சமமாகிவிட்டால் பட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1872இலேயே கிளாஸ்கோவில் மோதி, கோல் இல்லாமல் பிரிந்திருந்தன. ஆனால் அதன் பிறகும் நான்கு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களும் தத்தம் விதிப்படி ஆடிவந்தன. பந்தைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எப்படி எறிவது என்பதில்கூட ஒற்றுமை கிடையாது. 1882 டிசம்பரில் மான்செஸ்டரில் கூடி, தலைக்கு மேலிருந்து இரு கைகளால் எறிவது, கோல் கம்பங்களுக்கு மேலே குறுக்குக் கம்பம் கட்டாயம் என்று பொது விதிகளை வகுத்தார்கள். இந்த உடன்பாடுதான் தொடருக்கு வழிவிட்டது. முதல் ஆட்டம் 1884 ஜனவரி 26 அன்று பெல்ஃபாஸ்டில் நடந்தது. ஸ்காட்லாந்து 5-0 என அயர்லாந்தை வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் எடுத்துக்கொண்டது. மான்செஸ்டர் கூட்டத்தின் நீட்சியாக 1886இல் உருவான விதிக்குழு இன்றும் உலகக் கால்பந்தின் விதிகளை வகுக்கிறது. அதில் இந்த நான்கு சங்கங்களுக்கும் இப்போதும் தலா ஒரு வாக்கு உண்டு.

தொடரின் மிகக் கொடிய நாள் 1902 ஏப்ரல் 5. கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மரப்பலகைகளால் உயர்த்திக் கட்டிய புதிய மேடையின் ஒரு பகுதி உடைந்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அந்தத் துளை வழியே கீழே விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள், 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கூட்டம் மிரண்டு நெரிசலாகிவிடக் கூடாது என்று ஆட்டத்தைத் தொடர்ந்து ஆடி முடித்தார்கள். பிறகு அது செல்லாது என அறிவிக்கப்பட்டு, பர்மிங்ஹாமில் மறுபடி ஆடப்பட்டது. மரமேடைகளைக் கைவிட்டு மண்மேடு கொட்டிப் படி அமைக்கும் முறை பரவியது இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான்.

கூட்டம் எப்போதும் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கே திரண்டது. 1937இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் அதைப் பார்த்தார்கள். 1961இல் இங்கிலாந்து 9-3 என்று ஸ்காட்லாந்தை நொறுக்கியது. உலகச் சாம்பியனாக நெஞ்சு நிமிர்த்தி நின்ற இங்கிலாந்தை 1967இல் ஸ்காட்லாந்து லண்டனின் வெம்பிளி அரங்கிலேயே 3-2 என வீழ்த்தியது. ஸ்காட்லாந்து வீரர் ஜிம் பாக்ஸ்டர் ஆட்டத்தின் நடுவே பந்தைக் காலில் தட்டித் தட்டி விளையாட்டுக் காட்டியதை ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள்.

இந்தப் புகழ் வெளிச்சத்தில் மற்ற இரண்டு அணிகளும் மறைந்துபோனது அநியாயம். 1928இல் வெம்பிளியில் 5-1 என வென்ற ஸ்காட்லாந்து வீரர்களை 'வெம்பிளி மாயாவிகள்' என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த ஆண்டு பட்டம் வேல்ஸுக்கு. அயர்லாந்து இரண்டாமிடம். ஸ்காட்லாந்து மூன்றாமிடம், இங்கிலாந்து ஒரு புள்ளிகூட இல்லாமல் கடைசி. 1914இல் அயர்லாந்து, இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3-0 என வென்று தனிப் பட்டம் பெற்றது. 1920இல் லண்டனில் இங்கிலாந்தைத் தோற்கடித்த வேல்ஸ் அணியில் பில்லி மெரெடித் ஆடினார். அப்போது அவருக்கு வயது 45.

பிரேசிலில் நடந்த 1950 உலகக் கோப்பைக்கு இந்தத் தொடரையே தகுதிச் சுற்றாக ஏற்ற ஃபிஃபா, முதல் இரண்டு அணிகளுக்கும் இடம் தந்தது. பட்டம் வென்றால் மட்டுமே பிரேசில் போவோம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்த ஸ்காட்லாந்துச் சங்கம், சொந்த மைதானத்தில் இங்கிலாந்திடம் 0-1 எனத் தோற்று இரண்டாமிடத்தில் நின்றது. சொன்னபடியே போகவும் மறுத்தது. வீணான பிடிவாதம்; இழந்தவர்கள் ஆட்டக்காரர்கள். (இடம் கிடைத்தும் இந்தியா போகாமல் விட்டதும் இதே உலகக் கோப்பைக்குத்தான்.)

சரிவு 1970களில் தொடங்கியது. வட அயர்லாந்தில் கலவரம் மூண்டதால் சில ஆண்டுகள் அதன் உள்ளூர் ஆட்டங்கள் கிளாஸ்கோவுக்கும் லிவர்பூலுக்கும் மாறின. 1977இல் வெற்றிக் களிப்பில் வெம்பிளிக்குள் இறங்கிய ஸ்காட்லாந்து ரசிகர்கள் கோல் கம்பத்தையே முறித்தார்கள். 1981இல் சிறையில் உண்ணாவிரதமிருந்த கைதிகள் இறந்ததால் பெல்ஃபாஸ்ட் கொந்தளிக்க, இங்கிலாந்தும் வேல்ஸும் அங்கே போக மறுத்தன. தொடர் பாதியில் நின்றது, யாருக்கும் பட்டமில்லை. உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்கள் பெருகிவிட்ட நிலையில், சிறிய அணிகளுடன் ஆடினால் கூட்டம் வருவதில்லை என்று சொல்லி இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் விலக முடிவெடுத்தன. 1983–84 கடைசிப் பருவமானது.

அந்தப் பருவத்தில் ரெக்ஸம் மைதானத்தில் 20 வயது மார்க் ஹியூஸ் தன் முதல் சர்வதேச ஆட்டத்திலேயே தலையால் முட்டிய கோலில் வேல்ஸ் இங்கிலாந்தை வென்றது. பெல்ஃபாஸ்டில் வட அயர்லாந்து ஸ்காட்லாந்தை 2-0 என வீழ்த்தியது. 1984 மே 26 அன்று ஹாம்ப்டனில் கடைசி ஆட்டம் 1-1 என முடிந்தபோது, நான்கு அணிகளுக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா, 3 புள்ளி. 1956இலும் இதேபோல நான்கும் 3 புள்ளியில் நிற்க, பட்டம் நான்காகப் பங்கு போடப்பட்டது. 1979இல் கோல் வித்தியாச விதி வந்துவிட்டதால் இம்முறை பங்கீடு இல்லை. வட அயர்லாந்து முதலிடம், வேல்ஸ் இரண்டாமிடம், இங்கிலாந்து மூன்றாமிடம், ஸ்காட்லாந்து கடைசி. ஒதுக்கப்பட்ட இரண்டு அணிகளே மேலே நின்றன. கோப்பை பெல்ஃபாஸ்டில் அயர்லாந்துச் சங்கத்திடமே தங்கிவிட்டது.

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மட்டும் 1985இல் தொடங்கிய ரவுஸ் கோப்பை 1989உடன் நின்றது. 2011இல் அயர்லாந்துக் குடியரசு, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சேர்ந்து டப்ளினில் ஒரு தொடர் நடத்தின. இங்கிலாந்து அதில் சேரவில்லை. குடியரசு அணி கோப்பை வென்றது. பார்வையாளர் வருகை குறைவாக இருந்ததால் அதன் பிறகு அந்தத் தொடர் நடத்தப்படவில்லை.