நடுக்கோடும் நடுநிலையும்

பொருளை நடுவில் வைத்தால்தான் நிகர்நிலை அமையும் என்பது பொதுவான எண்ணம். நம் முன்னோர் கையாண்ட வெள்ளிக்கோல் அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. அதன் தாங்குகயிறு கோலின் நடுவில் இல்லை. எனினும் நிறை பிழைப்பதில்லை. பந்தய உந்துகளின் வரலாற்றிலும் இவ்வுண்மை ஒரு திருப்பத்தை விளைவித்தது. அதற்குத் துணைநின்றோருள் ஒருவர், தம் வீட்டை அடுத்த கொட்டகையில் உந்து கட்டிய தொழில்வினைஞர் என்பது நம் கருத்துக்குரியது.

பண்டமாரானில் வாழ்வோர்க்கு இச்செய்தி அயலானதன்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியிலுள்ள பத்து தீகாவில் 1968ஆம் ஆண்டு பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. 2003இல் இடிக்கப்படும் வரை, இவ்வட்டாரத்து இளைஞர் பலர்க்கு உந்துக்கலையில் வேட்கையூட்டிய இடம் அது. விரைந்தோடும் உந்தைக் கண்டு வியந்தோர் பலர். அதன் இயந்திரம் எங்கே அமர்ந்துள்ளது, ஏன் அங்கே அமர்ந்துள்ளது என வினவியோர் சிலரே.

அவ்வினாவிற்கு விடை எளிது. நம் நாட்டு உந்தில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்கின்றார். இலகுவான சிறு பந்தய உந்தில் அவர் நிறை புறக்கணிக்கத்தக்கதன்று. நடுக்கோட்டிலிருந்து 35 சென்டிமீட்டர் வலப்புறத்தில் 70 கிலோ நிறையுள்ளவர் அமர்வதாகக் கொள்வோம். நிறையையும் தொலைவையும் பெருக்கினால் 2,450 கிடைக்கும். 140 கிலோ நிறையுள்ள இயந்திரத்தை 17.5 சென்டிமீட்டர் இடப்புறம் நகர்த்தினால், அப்பெருக்கமும் 2,450 ஆகும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். ஓட்டுநர் கால் நீட்டவும் இடம் கிடைக்கும். ஆயினும் சுழல்தண்டு அளவுக்கு மீறிச் சாய்தல் கூடாது. புகைக்குழாயும் பிற உறுப்புகளும் ஒன்றையொன்று முட்டுதல் கூடாது. ஒன்றை நகர்த்துவோன் அனைத்தையும் எண்ணியே நகர்த்தல் வேண்டும்.

இக்கருத்து ஒருநாளில் மலர்ந்ததன்று. 1938இல் செருமானியரின் மெர்சிடிஸ் டபிள்யூ 154 உந்தில் இயந்திரம் சாய்கோணமாக வைக்கப்பட்டது. அதனால் சுழல்தண்டு ஓட்டுநரின் பக்கவாட்டில் செல்ல, அவர் இருக்கை தாழ்ந்தது. 1952இல் அமெரிக்கரான பிராங்க் கர்டிஸ், இண்டியானாபோலிஸ் பந்தயத்திற்கென இயந்திரத்தை இடப்புறம் ஒதுக்கி ஓர் உந்து அமைத்தார். அத்தடத்தில் 500 மைல் ஓட 200 சுற்றுகள். சுற்றுக்கு நான்காக 800 திருப்பங்களும் இடப்பக்கமே. திரும்புங்கால் சுமை வலச் சக்கரங்களின்மேல் சாயும். முன்னரே இடப்புறம் நிறை மிகுந்திருப்பின், சக்கரங்கள் சுமையைச் செம்மையாகப் பகிர்ந்துகொள்ளும். கர்டிஸ் அமைத்த உந்தில் பில் வுகோவிச் 1953, 1954 ஆகிய ஈராண்டுகளிலும் வாகை சூடினார்.

அடுத்து வந்தவரே நாம் முன்னர்க் குறித்த வினைஞர். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜார்ஜ் சாலி, குவின் எப்பர்லியின் துணையுடன் தம் வீட்டை ஒட்டிய கொட்டகையில் உந்து ஒன்றைக் கட்டினார். இயந்திரத்தைக் கிடைமட்டத்திலிருந்து 18 பாகையே உயரும்படி ஏறத்தாழப் படுக்க வைத்தார். உந்தின் உயரம் குறைந்தது, நிறைமையமும் தாழ்ந்தது. 1957இல் அவ்வுந்தைச் செலுத்திய சாம் ஹாங்க்ஸ் வென்று, அன்றே ஓய்வையும் அறிவித்தார். மறு ஆண்டு அதே உந்து ஜிம்மி பிரையனுக்கும் வெற்றி தந்தது. கொட்டகையில் பிறந்த கருத்து, களத்தில் இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது.

ஆயினும் ஓரிடத்து மருந்து எவ்விடத்தும் மருந்தாகாது. பத்து தீகா போன்று இருபுறமும் திரும்பும் தடத்தில், இடப்புறம் மிகுந்த நிறை வலத்திருப்பத்தில் இடராகும். அங்கே ஓட்டுநரின் நிறையை ஈடுசெய்யும் அளவே போதும். அளவறிதலே அறிவு.

தமிழரிடையேயும் இயந்திரத்தின் இடம் குறித்துச் சிந்தித்தோர் உளர். கோவை எஸ். கரிவரதன், மாருதிச் சிற்றுந்தின் முன்புறத்தில் இருந்த இயந்திரத்தை ஓட்டுநரின் முதுகுப்புறத்திற்குக் கொணர்ந்து, குறைந்த செலவில் பந்தய உந்துகளை உருவாக்கினார். 1995இல் அவர் வானூர்தி விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் வழிவந்த உந்துகளில் பயின்றவரே, 2005இல் நம் சிப்பாங் தடத்தில் ஓடிய நரேன் கார்த்திகேயன்.

தோட்டத்தையும் இரயில்பாதையையும் துறைமுகத்தையும் உழைப்பால் வளர்த்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். கையில் எண்ணெய்க் கறை படிந்தவனைக் கல்லாதவன் என ஒதுக்கும் போக்கு நம்மிடையே இன்னும் உண்டு. பட்டறையில் நிற்கும் மாணவனும் நிறையையும் தொலைவையும் பெருக்கிப் பார்க்கின்றான். அவன் செய்வதும் கல்வியே. வள்ளுவர் துலாக்கோலைச் சான்றோர்க்கு உவமையாக்கினார். அக்கோலின் நுட்பத்தை இயந்திரத்தில் காண்பவனையும் அவ்வகுப்பறையிலேயே அமர்த்துதல் தமிழாசிரியர் கடனாகும்.